ஓசை சாகும் திசை

1979 கோடை விடுமுறையில் அப்பா என்னைக் கூட்டிப்போய் ரேடியோக் கடையில் விட்டார். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. "வெயில்ல அலையுறதுக்கு ஒரு தொழிலப் படிக்கட்டும்" என்றார். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கட்டை போடத் தெரியுமாலே?" என்று கேட்டார். நான்கு பேட்டரிக் கட்டைகளை எடுத்து ஒரு பழைய டிரான்சிஸ்டருக்குள் அடைத்துக் காட்டினேன். பாடவில்லை. இரண்டைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். "சரி, இருக்கட்டும்" என்று அப்பாவிடம் சொன்னார். அது என்னைச் சொன்னதா கட்டையைச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது.

சம்பளம் கிடையாது. காலையில் வடை, சாயந்திரம் டீ. ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சி. எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. சின்ன வயதில் கொழும்புக்குப் போய் அங்கே ஒரு ரேடியோக் கடையில் ஏழெட்டு வருஷம் எடுபிடியாக இருந்து தொழில் கற்றுத் திரும்பியவர். எங்கள் பக்கத்தில் கொழும்புக்குப் போய் வந்த குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் கொண்டுவந்த ஜப்பான் டிரான்சிஸ்டர்கள்தான் கடைக்கு வந்த செட்டுகளில் பாதி. மீதி மர்பியும் பிலிப்சும் புஷ்ஷும்.

ஊர் திருச்செந்தூருக்கு வடக்கே. கிழக்கே மன்னார் வளைகுடா, ஒரு பக்கம் உப்பளம், மேற்கே கொஞ்ச தூரம் போனால் செம்மணல் தேரி. ரேடியோக்காரனுக்கு இந்த மண் எதிரி. ஆறு மாதத்தில் வால்யூம் திருகு கரகரக்கும், பேட்டரி ஸ்பிரிங் பச்சை பூத்துவிடும். உப்பைச் சுரண்டி எடுப்பதில்தான் என் முதல் மாதம் போயிற்று. அந்த உப்புதான் எங்களுக்குப் பாட்டும் கொண்டுவந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கடையில் ஓடுவது இலங்கை வானொலி. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று 1967இல் பெயர் மாறியிருந்தாலும் ஊர்வாயில் அது சிலோன்தான். 1952இல் மத்திய அமைச்சராக இருந்த கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை வெளியேற்றியதும், 1957இல் விவித பாரதி வரும்வரை அந்த இடத்தை சிலோன் பிடித்துக்கொண்டதும் ஊரறிந்த கதை. விவித பாரதி வந்த பிறகும் எங்கள் கரையில் யாரும் முள்ளைத் திருப்பவில்லை. அறிவிப்பாளர் மயில்வாகனம் காலத்தில் பிடித்த பழக்கம் கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று தொடர்ந்தது. ராஜா பேசும் வேகத்தில் பேசிப் பார்க்காத பையன் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை.

கடைக்கு ஒரு நாள் சர்வே ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். மாப்பில் அளந்து பார்த்ததாகச் சொல்லி ஒரு கேள்வி போட்டார். எங்கள் ஊரிலிருந்து திருச்சியும் கொழும்பும் ஏறத்தாழ ஒரே தூரம். நேர்கோட்டில் இரண்டுமே 250 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருச்சி நிலையம் 1939இலிருந்து இருக்கிறது, சோனி நிலையம் அல்ல. பிறகு ஏன் நடுப்பகலில் திருச்சி கிணற்றுக்குள்ளிருந்து முனகுகிறது, கொழும்பு பக்கத்து அறையிலிருந்து பேசுகிறது?

அண்ணாச்சி சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தார். "உப்புக்காத்து" என்றார். "உப்பு கரண்டக் கடத்தும்லா? கடல் மேல பூரா உப்புக்காத்து. அது வழியா வந்திருது. திருச்சிக்காரன் வெறும் மண்ணு மேல வரணும். வரதுக்குள்ள செத்துருதான்."

சர்வேக்காரர் தலையாட்டினார். நானும் நம்பினேன். அடுத்த ஐந்து வருஷம் நானே பத்துப் பேருக்காவது இதைச் சொல்லியிருப்பேன்.

அண்ணாச்சியின் இன்னொரு விளக்கம் சூரியனைப் பற்றியது. பொழுது சாய்ந்தால் மத்திய அலையில் முள் நகர்த்த இடமிருக்காது. பகலில் முனகிய திருச்சி தெளிவாக வரும், சென்னை வரும், தெலுங்கு வரும், இந்தி வரும், என்னவென்றே தெரியாத பாஷைகள் வரும். நன்றாக வந்துகொண்டிருப்பது திடீரென்று தேய்ந்து, ஒரு நிமிஷம் கழித்து மறுபடி எழும். எங்கள் தெரு ஆச்சி ஒருத்தி, "ராத்திரியானா ஏண்டே இத்தன பேரும் கத்துதானுவ?" என்று கேட்டாள். "பகல்ல சூரியன் குடிச்சிருது ஆச்சி. ராத்திரி குடிக்க ஆள் இல்ல" என்றார் அண்ணாச்சி.

இது கேலி மாதிரித் தோன்றும். ஆனால் அச்சு அசலாக உண்மை. தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் கதிர்கள் பட்டு மின்னேற்றம் அடைந்த ஒரு மெல்லிய காற்றடுக்கு உண்டு. மேல்நோக்கிப் போகும் மத்திய அலையைப் பகலில் அது விழுங்கிவிடும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அதற்கும் மேலே, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அடுக்குகள் இரவிலும் நிற்கும். அலை அவற்றில் மோதி வளைந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மறுபடி தரைக்கு வரும். அங்கே அப்படி ஓர் அடுக்கு இருக்கிறது என்பதை எட்வர்ட் ஆப்பிள்டன் என்ற ஆங்கிலேயர் 1924இல், பிபிசியின் ஒலிபரப்பையே கருவியாக வைத்து அளந்து காட்டினார். 1947இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அண்ணாச்சிக்கு ஆச்சி ஒரு வெற்றிலை கொடுத்தாள்.

அந்த விடுமுறையின் கடைசி வாரத்தில் ஒரு வல்லத்துக்காரர் டிரான்சிஸ்டரைப் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்து வந்தார். உள்ளே கட்டை கசிந்து ஸ்பிரிங் எல்லாம் அரித்துக் கிடந்தது. "புதுசு ஒண்ணு வாங்கிருமே" என்றார் அண்ணாச்சி. "இது எனக்கு வழி சொல்லுற பெட்டி அண்ணாச்சி. இதையே சரி பண்ணிக் குடுங்க" என்றார் அவர்.

என்ன வழி என்று கேட்டதற்கு அவர் சொன்னதை நான் இன்றும் அப்படியே வைத்திருக்கிறேன். கடலில் மூடாக்குப் போட்டு, கரையில் கோபுரமும் தெரியாமல், சூரியனும் தெரியாமல் போகும் நாட்கள் உண்டு. அப்போது திருநெல்வேலி நிலையத்தை வைப்பார். செட்டைப் பலகையில் படுக்கைவாக்கில் வைத்து மெல்லத் திருப்புவார். ஓர் இடத்தில் பாட்டு செத்துப்போகும். அப்போது செட்டின் நீளப்பக்கம் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தக் கோட்டில் திருநெல்வேலி இருக்கிறது. "ரெண்டு முனை இருக்கே, எந்த முனைன்னு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு முனை கரை, மறுமுனை சிலோன். கரை எந்தப் பக்கம்னு கூடவா தெரியாமப் போகும்? அலை ஓடுத ஓட்டம் சொல்லிரும்."

ராத்திரியில் இந்த வித்தை பலிக்காது என்றும் அவரே சொன்னார். பொழுது இறங்கினால் செட் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுமாம். அதுவும் ஆப்பிள்டன் கதைதான். இரவில் தரையோடு வரும் அலையோடு மேலேயிருந்து இறங்கும் அலையும் கலந்துவிடுவதால் ஓசை எந்தப் பக்கமும் முழுதாகச் சாகாது. கப்பல்களில் ரேடியோ வைத்துத் திசை பார்த்த மாலுமிகளுக்கும் இதே தொல்லை இருந்தது.

அவர் போனதும் அண்ணாச்சிக்குக் கை பரபரத்தது. கடையின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் நடுவாக ஒரு முக்காலியைப் போட்டார். நல்ல செட் ஒன்றின் முதுகைக் கழற்றினார். உள்ளே சுண்டுவிரல் தடிமனில், கரும்பழுப்பு நிறத்தில் ஒரு குச்சி படுத்திருந்தது. அதன் ஒரு பக்கமாக நூலைவிட மெல்லிய செம்புக்கம்பி சுற்றி, சுருள் நகராமலிருக்க மெழுகு ஊற்றியிருந்தது. "இதுதாம்லே ஆன்டெனா. மேல இழுத்து விடுதானே நீட்டுக்கம்பி, அது சிற்றலைக்கு. மத்திய அலைக்கு அந்தக் கம்பி இருந்தா என்ன, ஒடிஞ்சா என்ன." கம்பி ஒடிந்துவிட்டது, சிலோன் சரியாக வரவில்லை என்று செட்டைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். கம்பியை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டு, கூடவே மெழுகை லேசாக உருக்கி அந்தச் சுருளை ஒரு மயிரிழை நகர்த்தி ஓசையைக் கூட்டிக் கொடுப்பார். அதற்குக் காசு கிடையாது, சொல்லவும் மாட்டார். நகர்த்துவதற்கு அவர் வைத்திருந்தது பழைய பல்துலக்கும் பிரஷ்ஷின் பிடியைச் சீவிச் செய்த குச்சி. இரும்பு ஸ்குரூ டிரைவரை அருகே கொண்டுபோனாலே சுருளின் குணம் மாறிவிடும்.

முக்காலி மேல் செட்டை வைத்து சிலோனைப் பிடித்தார். மெல்லத் திருப்பினார். பாட்டு அப்படியே ஒலித்துக்கொண்டிருந்தது. கால் சுற்றுக்குக் கிட்டத்தட்ட எந்த மாற்றமும் இல்லை. இன்னும் திருப்பினார். திடீரென்று, கதவைச் சாத்தினாற்போல, ஓசை விழுந்தது. ஒரு விரல் அகலம் இந்தப் பக்கம் நகர்த்தினால் பாட்டு, அந்தப் பக்கம் நகர்த்தினால் பாட்டு. நடுவில் மட்டும் இரைச்சல். "கோடு போடுலே" என்றார். செட்டின் நீளத்துக்குச் சமமாகத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். அது கடை வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, தென்கிழக்கே கடலைப் பார்த்து நின்றது. திருநெல்வேலியை வைத்து இன்னொரு கோடு. அது வடமேற்கே, பின்சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து நின்றது.

ஓசை நன்றாக வரும் திசையைத் தேடினால் கால்வட்டம் முழுவதும் நன்றாகத்தான் வருகிறது, எதையும் நம்ப முடியாது. ஓசை சாகும் திசை மட்டும் ஊசிமுனை போலத் துல்லியம். பாட்டுக் கேட்க வாங்கிய பெட்டி, பாடாத இடத்தில்தான் வழி சொன்னது. எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஓசை ஏன் அப்படிச் சாகிறது என்பதை அந்த வல்லத்துக்காரரே பிறகு செட்டை வாங்க வந்தபோது சொல்லிவிட்டார். "நீவாட்டுக்குக் குறுக்க வலைய விட்டா மீன் படும். நீவாட்டோட வலைய நீட்டி விட்டா என்ன படும்?" நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். வானொலி அலைக்கு மின்பக்கம் ஒன்று, காந்தப்பக்கம் ஒன்று. நிலையத்துக் கோபுரம் செங்குத்தாக நிற்பதால் மின்பக்கம் மேலும் கீழுமாக ஆடும். காந்தப்பக்கம் தரைக்குச் சமமாக, அலை வரும் திசைக்குக் குறுக்கே ஆடும். ஃபெரைட் குச்சி பிடிப்பது காந்தப்பக்கத்தை. குச்சி அலைக்குக் குறுக்கே கிடந்தால் காந்தக்கோடுகள் அதன் நீளத்தோடு ஓடிச் செம்புச்சுருளைத் துளைத்துப் போகும். குச்சியின் முனையை நிலையத்தைப் பார்த்து நீட்டினால் சுருளுக்குள் எதுவும் நுழையாது. வலை உவமைக்கு மேல் இதில் நான் பாலிடெக்னிக்கில் கற்றுக்கொண்டது ஒரு சமன்பாடு மட்டும்.

ரேடியோ வைத்திருப்பதற்கே அப்போது லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டி, புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்க வேண்டும். வல்லத்துக்காரரிடம் லைசென்ஸ் இருந்ததா என்று அண்ணாச்சி கேட்கவில்லை. நானும் இப்போது கேட்கப்போவதில்லை.

1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. ஜப்பான் அரசின் உதவியோடு கட்டிய தொலைக்காட்சி நிலையம். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டிலேயே வந்திருந்தாலும் அது எங்களுக்கு எட்டாக்கனி. சிலோன் படம் எங்கள் கரையில் தெரிகிறது என்று யாரோ சொன்ன நாளிலிருந்து கடையின் முகமே மாறிவிட்டது. ரேடியோக்கள் பரணுக்குப் போயின. கடை வாசலில் அலுமினியக் குழாய்கள் கட்டுக்கட்டாக இறங்கின.

ஆன்டெனாவை நாங்களே அறுத்துச் செய்தோம். முதல் நாள் எனக்குப் பெரிய சந்தேகம். நீண்ட சட்டத்தில் பத்துப் பன்னிரண்டு குழாய்கள், சீப்புப் பல் மாதிரி. ஆனால் டிவிக்குப் போகும் ஒயர் ஒரே ஒரு குழாயில்தான். நீள்வட்டமாக மடித்த குழாய் அது. மற்றவை எதிலும் ஒயரே இல்லை. "மத்ததெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, அழகுக்கா?" என்றேன். ஒரு குழாயைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பார்க்கச் சொன்னார். படம் மங்கியது.

ஒயர் இல்லாத குழாய்களும் அலையை வாங்குகின்றன. வாங்கியதைத் திரும்ப விடுகின்றன. முன்னால் நிற்பவை மடித்த குழாயைவிடக் கொஞ்சம் குட்டை, பின்னால் நிற்பது கொஞ்சம் நெட்டை. அந்தக் கொஞ்ச வித்தியாசத்தால் அவை திரும்ப விடும் அலை சற்று முந்தியோ பிந்தியோ கிளம்பும். முன்னாலிருந்து வருவது எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக, பின்னாலிருந்து வருவது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மடித்த குழாயின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி. அதனால் அளவு தப்பினால் குழாய் வெறும் குழாய்தான். அண்ணாச்சி ஒவ்வொரு அளவையும் ஒரு மூங்கில் குச்சியில் வெட்டுக்குறி போட்டு வைத்திருந்தார். அந்தக் குச்சியை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார், போட்டிக் கடைக்காரருக்குப் பயந்து.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் சென்டாய் நகரில் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் இருந்த ஷிந்தாரோ உடாவும் அவருடைய பேராசிரியர் ஹிதெத்சுகு யாகியும். ஆண்டு 1926. உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது, நிலைத்த பெயர் யாகியுடையது. இது எல்லாத் தொழிலிலும் நடப்பதுதான். ஜப்பானில் அப்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானிய ராணுவத்துக்கு ஆங்கிலேயர்களின் ரேடார் குறிப்பேடு ஒன்று கிடைத்ததாம். அதில் திரும்பத் திரும்ப 'யாகி' என்று ஒரு சொல். பிடிபட்ட ஆங்கிலேயரிடம் அர்த்தம் கேட்டபோது, அது உங்கள் நாட்டுக்காரர் பெயர் என்று அவர் சொன்னதாகக் கதை. ஜப்பான் பணத்தில் கட்டிய நிலையத்தை ஜப்பான்காரர் கண்டுபிடித்த ஆன்டெனாவில் நாங்கள் பார்த்தோம். நன்றி மட்டும் கொழும்புக்கே போயிற்று.

ஆனால் படம் வந்திருக்கவே கூடாது. ரூபவாஹினியின் முக்கியக் கோபுரம் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பீதுருதாலகால மலையில். இலங்கையின் மிக உயர்ந்த சிகரம், 2,524 மீட்டர். அத்தனை உயரத்தில் நின்றாலும் பூமி உருண்டை என்பதால் கண்ணுக்கு எட்டுவது சுமார் 180 கிலோமீட்டர். டிவி அலை காற்றில் லேசாக வளைவதால் இன்னும் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் கூடும். டிவி அலைக்கு மத்திய அலை மாதிரித் தரையைத் தழுவி ஓடவும் தெரியாது, மேலேயிருந்து மோதித் திரும்பவும் பொதுவாகத் தெரியாது. எங்கள் ஊரோ 300 கிலோமீட்டருக்கு அப்பால்.

அண்ணாச்சியின் கணக்கு வேறு. "தூரத்துக் கப்பல் தூக்கித் தெரியுத அன்னைக்குப் படம் வரும்" என்பார். சில சாயந்திரங்களில், காற்று அசையாமல் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும்போது, அடிவானத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய கப்பல் தண்ணீரை விட்டு மேலே எழும்பி நிற்பதுபோலத் தெரியும். அவர் கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்று எந்தெந்த வீட்டில் ஆன்டெனா மாட்டலாம் என்று சொல்வார். மாட்டியவுடன் படம் தெரிந்தால்தான் காசு கைக்கு வரும்.

காரணம் இதுதான். பகலெல்லாம் காய்ந்த நிலத்துக் காற்று, சூடும் வறட்சியுமாகக் கடல்மேல் போய் நிற்கும். அதன் அடியில் தண்ணீரை ஒட்டி, குளிர்ந்த ஈரக்காற்று. இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும்போது அலை அந்த எல்லையில் கீழ்நோக்கி வளைந்து, பூமியின் வளைவோடு சேர்ந்து குழாய்க்குள் ஓடுவதுபோல ஓடும். தார்ரோட்டில் மதியம் தெரியும் கானல்நீரும் இப்படிக் காற்றடுக்கு வளைத்த வெளிச்சம்தான். அங்கே சூடு கீழே இருப்பதால் ஒளி மேல்நோக்கி வளைகிறது, இங்கே தலைகீழ். கப்பலைத் தூக்கிக் காட்டுவதும் படத்தைக் கொண்டுவருவதும் கிட்டத்தட்ட ஒரே அடுக்கின் வேலை. காற்று எழுந்து கலைத்துவிட்டால் போயிற்று. கதாநாயகி அழ ஆரம்பிக்கும்போது கச்சான் காற்று கிளம்பினால் அவள் எதற்கு அழுதாள் என்று கடைசிவரை தெரியாது.

படம் போனால் தெரிவது புள்ளிகள். கொதிக்கும் அரிசி மாதிரி. அந்தப் புள்ளிகளில் நூற்றில் ஒரு பங்குபோல, பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம் என்று பின்னாளில் படித்தேன். பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1964இல் தங்கள் ஆன்டெனாவில் போகாத இரைச்சலாகக் கண்டு, புறா எச்சத்தையெல்லாம் கழுவிப் பார்த்து, கடைசியில் 1978இல் நோபல் வாங்கியது அதற்குத்தான். நாங்களும் கழுவினோம். டிவிக்கு இறங்கும் தட்டை ரிப்பன் ஒயரில் உப்புப் படிந்து, இரவுப் பனியில் நனைந்தால் அலை டிவிக்கு வராமல் ஒயரிலேயே கசிந்து போகும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு ஒயரைத் துடைக்கச் சொல்வோம். ஊரே மழைக்கு ஏங்கும்போது நாங்களும் ஏங்கினோம், ஒயர் கழுவ.

என் கைவேலை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில் பூஸ்டர் வைக்க அண்ணாச்சி என்னைத் தனியாக அனுப்பினார். பூஸ்டர் என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா, வரும் அலையைப் பெருக்குவது. கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவுக்கு அடியிலேயே கட்ட வேண்டும். கரண்டும் அதே ஒயர் வழியாக மேலே போகும். நாற்பதடிக் கம்பம், மதிய வெயில். கீழே டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன, எங்கே வைத்தாலும் பெருக்கத்தானே போகிறது என்று வைத்துவிட்டு வந்தேன். ராத்திரி தமிழ்ப்படம். தெருவே அந்தத் திண்ணையில். புள்ளிகள் முன்பைவிடப் பெரிதாக, பளிச்சென்று வந்தன.

மறுநாள் அண்ணாச்சி திட்டவில்லை. "சோத்துல மண்ணு விழுந்த பெறகு சட்டிய நெறைய ஆக்கி என்னலே செய்ய?" என்றார். ஒயர் வழியே இறங்கும்போதே அலை பாதி மெலிந்துவிடும். மெலிந்தது டிவிக்குள் இருக்கும் இரைச்சல் அளவுக்கு வந்த பிறகு பெருக்கினால், இரைச்சலும் சேர்ந்து பெருகும். அலை தெம்பாக இருக்கும் இடம் கம்பத்தின் உச்சிதான், அங்கேயே பெருக்கிவிட வேண்டும். இன்றைய டிஷ் ஆன்டெனாவின் மூக்கில் இருக்கும் டப்பாவும் அதனால்தான் மூக்கிலேயே இருக்கிறது. நான் அன்றைக்கே வெயிலில் ஏறிக் கட்டினேன். அந்த வீட்டில் மட்டும் அதற்குக் காசு வாங்கவில்லை.

1984இல் பாலிடெக்னிக் சேர்ந்தேன். அலை பரவல் பாடத்தில் ஆசிரியர், மண்ணுக்கு மண் அலை மெலியும் வேகத்தைப் படம் போட்டார். நான் எழுந்து, உப்புக்காற்று வழியாகத்தான் எங்களுக்குக் கொழும்பு வந்தது என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மத்திய அலை தரையை ஒட்டி ஓடும்போது தரைக்குள்ளும் மின்னோட்டத்தைக் கிளப்பிவிடும், தரை மோசமான கடத்தி என்றால் அந்தச் சக்தி மண்ணைச் சூடாக்கியே வீணாகும் என்று விளக்கினார். காய்ந்த மணலைவிடக் கடல்நீர் ஆயிரம் மடங்குக்கு மேல் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், அதனால் அலை கிட்டத்தட்ட நஷ்டமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கொழும்பிலிருந்து எங்களுக்கு வழியெல்லாம் கடல், திருச்சியிலிருந்து வழியெல்லாம் கரிசலும் தேரியும். "காத்துன்னு சொன்னதுக்குப் பதிலா தண்ணின்னு சொல்லியிருந்தா முழு மார்க்" என்றார்.

விடுமுறைக்கு வந்தபோது இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். திருத்துகிற மிதப்பு கொஞ்சம் இருந்திருக்கும். அவர் ஒரு ஃபேன் கண்டென்சரை மாற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "அப்ப உப்பு சரிதானே?" என்று கேட்டார்.

சரிதான். அளவையில் அவர் ஒருநாளும் தப்பியதில்லை. காரணத்தில் பாதி தப்பினார், அதையும் ஐந்து நிமிஷத்தில் திருத்திக்கொண்டார். அன்று சாயந்திரமே கடைக்கு வந்த ஒருவரிடம், "காத்து இல்ல அண்ணே, தண்ணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். படித்தவர்களில் இப்படித் திருத்திக்கொள்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு ஊருக்கு ஊர் சிறு ரிலே நிலையங்கள் வந்தன, கொடைக்கானலில் பெரிய கோபுரம் வந்தது, கேபிள் வந்தது. சிலோன் ஆன்டெனாக்கள் மொட்டை மாடிகளில் காக்கை உட்காரவும் கொடி கட்டவும் ஆயின. பல வருஷம் கழித்து ஒன்றை இறக்கியபோது குழாய் கையிலேயே பொடியாக உதிர்ந்தது. அண்ணாச்சியின் கடை இருந்த இடத்தில் அவர் பேரன் செல்போன் பழுது பார்க்கிறான். சிவப்புத் தரைமேல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள்.

வீட்டுப் பரணில் பழைய டிரான்சிஸ்டர் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். ஆகாசவாணியின் மத்திய அலை இன்னும் எட்டுகிற ஊராக இருந்தால், பகலில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள், ராத்திரி வேண்டாம். எல்இடி பல்புகளையும் செல்போன் சார்ஜர்களையும் அணைத்துவிடுங்கள். இப்போது இரைச்சலில் பெரும்பங்கு அவற்றுடையதுதான். முள்ளை நிலையத்தில் வைத்து, செட்டை மெல்லத் திருப்பி, பாட்டு சாகும் இடத்தில் தரையில் ஒரு கோடு போடுங்கள். செல்போன் மேப்பில் அந்தக் கோடு எந்த ஊரில் போய் முட்டுகிறது என்று பாருங்கள். கட்டைகளை மட்டும் பார்த்துப் போடுங்கள்.